லூ மக்கள் வீட்டை ஏன் தூண்களின் மேல் கட்டுகிறார்கள்? அடியில் உள்ள இடம் வீண்தானே?

வீணே இல்லை, பகல் பொழுதில் பாதி அங்கேதான் கழியும். சீனாவின் சிப்சோங்பன்னா, வடக்கு லாவோஸ், தாய்லாந்தின் 'நான்' (Nan) மாகாணம் எனப் பரவியிருக்கும் லூ மக்கள், ஆற்றோரச் சமவெளியில் நெல் விளைவிப்பவர்கள். மழைக்காலத்தில் சேறும் பூச்சியும் எட்டக்கூடாது என்பதற்கே உயரமான மரத்தூண்கள். கீழே விறகு, கோழிகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தறி. பருத்தி நூற்று, அவுரிச் சாயம் ஏற்றி, அந்த நிழலில் உட்கார்ந்து பெண்கள் நெய்வார்கள். 'நான்' மாகாண லூ துணியில் ஓடும் நீர் போன்ற வடிவம் பெயர்பெற்றது. இப்போது பலர் கீழ்த்தளத்தைச் சுவர் வைத்து அடைக்கிறார்கள். காற்றோட்டம் போய்விடுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சாப்பாடு ஒட்டரிசி. இரவே ஊறவைத்து, விடியலில் மூங்கில் கூடையில் ஆவிகாட்டி, கையால் உருட்டிக் காரத் துவையலில் தொட்டு உண்பார்கள். காலையில் வரும் பிக்குகளுக்கும் அதிலிருந்தே பிச்சை. பௌத்தர்கள்தான், ஆனால் ஊர்க்காவல் ஆவிக்கும் படையல் உண்டு; படையல் நடக்கும் நாளில் வெளியாள் ஊருக்குள் நுழையக்கூடாது.

மலைச்சரிவில் காடு எரித்துப் பயிரிடும் கம்மு இனத்தார் அண்டை வீட்டார் மாதிரி. அங்கிருந்து காட்டுப்பொருட்கள் இறங்கும், இங்கிருந்து துணி ஏறும்.