வாசகர் கேள்வி: காலுக்குள் ஒரு ஃபுட் வால்வு

(பெருந்துறைப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் 31 ஆண்டுகள் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார்.)

கேள்வி: பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைங்க டீச்சர். ஒன்றரை ஷிப்டும் நின்னுக்கிட்டேதான். சாயங்காலம் ரெண்டு காலும் வீங்கிருது. கெண்டைக்கால்ல நரம்பு பச்சையாச் சுருட்டிக்கிட்டு நிக்குது. இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளுது, சரி. மேலே கொண்டுவர்றது யாருங்க?
- ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: அம்மணி, 31 வருசத்தில் இந்தக் கேள்வியை ஒரு பிள்ளையும் என்னிடம் கேட்டதில்லை.

நீங்கள் பார்ப்பது நரம்பு அல்ல, சிரை. நரம்பு சேதி கொண்டு போவது. சிரை ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டு வருவது. நம் பக்கம் இரண்டையும் நரம்பு என்றே சொல்லிப் பழகியதால், சுருண்ட சிரைக்கு நரம்புத் தளர்ச்சி மருந்து வாங்கித் தின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. பாதத்தின் தந்துகிகளை, அதாவது மயிரிழை போன்ற ரத்தக் குழாய்களைக் கடப்பதற்குள் அந்த விசை பெரும்பாலும் தீர்ந்துவிடும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில், குழாயின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் தடுக்கும் ஃபுட் வால்வு பழுதானால், மோட்டாரை நிறுத்தியதும் குழாயில் ஏறிய தண்ணீர் அத்தனையும் கிணற்றுக்கே இறங்கிவிடும். கால் சிரையில் அப்படி வரிசையாகப் பல வால்வுகள் இருக்கின்றன. மோட்டார் உங்கள் கெண்டைக்கால் சதை. நடக்கும்போது சதை இறுகிச் சிரையைப் பிழியும், ரத்தம் ஒரு படி ஏறும், கீழே வால்வு மூடிக்கொள்ளும்.

அசையாமல் நின்றால் மோட்டார் ஓடாது. கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் வரை போகும். நடந்தால் 30 அளவுக்கு இறங்கும். வருசக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கிய சிரை விரிந்துபோக, வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று எட்டாமல் போகின்றன. ரத்தம் தேங்கி, நீர் சதைக்குள் கசிகிறது. அதுதான் வீக்கம்.

வால்வை நீங்களே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டுப் புறங்கையில் புடைத்த சிரையை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக வழித்துவிடுங்கள். மேலே போன ரத்தம் வால்வைத் தாண்டித் திரும்பாது. கையில் இப்படி அழுத்திக் காட்டித்தான் 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, ரத்தம் சுற்றி வருகிறது என்று நிறுவினார். சிரை வால்வுகளை விவரித்து எழுதியவர் இத்தாலியின் பதுவாவில் அவருடைய ஆசிரியர் ஃபப்ரீசியுஸ். அவை எதற்கு என்று சரியாகச் சொன்னவர் மாணவர். வாத்தியார் வேலை பார்த்தவளுக்கு இதைவிட இனிப்பான சேதி கிடையாது.

என் தங்கை 18 வருசம் அயர்ன் டேபிளில் நின்றவள். கணுக்காலுக்கு மேல் தோல் கறுத்துப் புண்ணாகி ஆறு மாதம் ஆறவில்லை. அவள் கேட்ட ஒரு ஸ்டூலை அந்தக் கம்பெனி கடைசிவரை தரவில்லை. நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி தரவேண்டும் என்று 1948ஆம் வருசத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஸ்டூல் சலுகை அல்ல அம்மணி, தைரியமாகக் கேளுங்கள். அதுவரை நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். இரவில் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். அழுத்தக் காலுறையை மருத்துவர் பார்த்து அளவு சொன்ன பிறகு போடுங்கள். ஒரே கால் திடீரென்று வீங்கி வலித்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி போகவேண்டும், உள்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

கேள்வி: மில்லில் இருந்தபோது வார லீவு முடிந்து போகும் முதல் நாளில் மட்டும் நெஞ்சு இறுக்கும். ஏன்?
- ஓய்வு பெற்ற தொழிலாளி, சிங்காநல்லூர்

பதில்: பஞ்சுத் தூசிக்கு மூச்சுக்குழல் சுருங்குவதுங்க ஐயா. பிசினோசிஸ் என்று பெயர். ஓய்வுக்குப் பின் மறுபடி தூசி படும் முதல் நாளில்தான் அதிகம் தெரியும். இப்போதும் படியேறினால் இளைக்கிறது என்றால், ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனை செய்துகொள்ளுங்கள். மில் வேலை பார்த்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பீடி இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: தலைகீழா நின்னு தண்ணி குடிச்சா வயித்துக்குப் போகுமா?
- ஏழாம் வகுப்பு மாணவன், கோபி

பதில்: போகும் சாமி. உணவுக்குழாயின் தசை அலை அலையாக இறுகித் தள்ளிக்கொண்டே போகும். ஆனால் செய்து பார்க்காதே, மூக்கிலோ மூச்சுக்குழாயிலோ ஏறிவிடும்.