எங்களைப் போல ஒரு வீடு கதையில் உண்டா?

கேள்வி: நான் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஒன்றரை வயதில் தத்தெடுத்த என் மகளுக்கு இப்போது 11 வயது. தத்தெடுத்த விவரம் அவளுக்குச் சிறு வயதிலேயே தெரியும். சென்ற மாதம் பள்ளியில் குடும்ப மரம் வரைந்து வரச் சொன்னார்கள். அப்பாவுக்கான கட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "நம் வீட்டைப் போல ஒரு வீடு எந்தக் கதையிலாவது வருகிறதா அம்மா?" என்று கேட்டாள். நிறையப் படிக்கிற பிள்ளை. என்ன கொடுக்கலாம்? இதையெல்லாம் படித்தால் இல்லாத ஏக்கம் வந்துவிடும் என்கிறார் என் அக்கா.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

அன்புள்ள சகோதரிக்கு,

வருகிறது என்று தைரியமாகச் சொல்லுங்கள். அதுவும் நேற்று எழுதிய கதையில் இல்லை. உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடிய ஸ்ரீவில்லிபுத்தூரில், துளசிச் செடியடியில் கிடைத்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார் என்பது மரபு. அந்தக் கதையில் நம் கண்முன் நிற்பது ஒரு தகப்பனும் மகளும்தான். அந்த மகள்தான் ஆண்டாள்.

அந்தத் தகப்பன் பாட உட்கார்ந்தபோது யாராக மாறிப் பாடினார் என்று பாருங்கள். கண்ணனைப் பெறாமல் வளர்த்த யசோதையாக. வெண்ணெய் அளைந்த நாற்றமும் விளையாடிய புழுதியுமாக வந்து நிற்கிறான் பிள்ளை. இப்படியே படுக்கையில் தேய்த்துக்கொண்டு கிடக்க இன்றிரவு விடமாட்டேன், எண்ணெயும் புளிப்பழமும் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறேன், குளிக்க வா என்கிறாள் யசோதை. பிள்ளையைக் குளிக்கக் கூப்பிட்டுத் தொண்டை வற்றிய எந்த அம்மாவுக்கும் இது புரியும். காது குத்துவதற்கும் பூச்சூட்டுவதற்கும் தனித்தனியாகப் பதிகம் பாடியிருக்கிறார். உங்கள் மகளோடு சேர்ந்து முதலில் படிக்க வேண்டியவை இவைதான். இவை இருக்கிற பெரியாழ்வார் திருமொழியை உரையோடு கூடிய பதிப்பாக வாங்குங்கள். பொருள் புரிந்தால் அவள் சிரித்துவிடுவாள்.

உங்களுக்கு மட்டும் இன்னொன்று சொல்கிறேன். குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் தேவகி புலம்புகிற பதிகம் இருக்கிறது. பெற்றும் வளர்க்கக் கொடுத்துவைக்காதவள், தாலாட்டையும் மழலையையும் இழந்ததை ஒவ்வொன்றாக எண்ணி அழுகிறாள். "திருவிலேன் ஒன்றும் பெற்றிலேன், எல்லாம் தெய்வ நங்கை யசோதை பெற்றாளே" என்பது அவள் வாக்கு. உங்கள் மகளைப் பெற்ற பெண்ணைப் பற்றி ஒரு நாள் பேச்சு வரும். அன்று அந்தப் பெண்ணைக் குறைத்துப் பேசாமலிருக்க இந்தப் பதிகம் துணையிருக்கும். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததை இட்டுக்கட்டி நிரப்பாதீர்கள்.

தத்துப் பிள்ளை என்றதும் எல்லோரும் கர்ணனை எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நம் மேடையும் திரையும் அந்தக் கதையைக் குந்தியின் கண்ணீரோடு கட்டிப்போட்டுவிட்டன. வளர்த்த ராதையும் அதிரதனும் ஓரமாக நிற்கிறார்கள். ஆனால் வியாச பாரதத்தின் உத்தியோக பர்வத்தில் கிருஷ்ணன் வந்து பிறப்பைச் சொல்லி அழைக்கும்போது கர்ணன் சொல்லும் பதில் வேறு விதமானது. என்னைக் கண்ட அன்பில் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலமூத்திரத்தை எடுத்தவள் அவள், அவளுக்குப் பிண்டம் கொடுக்காமல் எப்படி இருப்பேன் என்று கேட்கிறான். கர்ணனைக் கொடுப்பதானால் இந்தப் பகுதியைத் தேடிப் படித்துக் காட்டுங்கள்.

புதிய எழுத்துக்கு வருவோம். ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' நாவலை நீங்கள் இப்போதே படியுங்கள். மகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதில் கொடுங்கள். அதன் நாயகன் ஹென்றிக்குத் தன்னைப் பெற்றவர் யார், என்ன சாதி, என்ன மதம் எதுவும் தெரியாது. வளர்த்த அப்பாவின் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் தேடி, அவர் பிறந்த கிராமத்துக்கு வந்து இறங்குகிறான். இதைவிட நல்ல சோகக் கதைக்குத் தோதான ஆள் கிடைக்கமாட்டான். ஆனால் ஹென்றி தன்னை நினைத்து அழுவதே இல்லை. எனக்கு அந்த நாவல் பிடித்திருப்பதற்குக் காரணமே அதுதான்.

அசோகமித்திரனின் 'தண்ணீர்' அதற்கும் பிறகு. குடம் குடமாகத் தண்ணீருக்கு அலையும் சென்னையில் ஜமுனாவும் சாயாவுமாக அக்காள் தங்கை இருவர் நடத்தும் குடித்தனம். சண்டை போட்டுக்கொண்டு தங்கை போகிறாள், திரும்பியும் வருகிறாள். இது என்ன விதமான குடும்பம் என்று ஆசிரியர் எங்கேயும் நின்று விளக்குவதில்லை.

நூல்களைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த ஒன்றை மட்டும் கவனித்தால் போதும். பிள்ளை தத்து வந்ததே கதையின் சிக்கல், கடைசிப் பக்கத்தில் அது தீருகிறது என்றால், அந்தப் புத்தகத்தைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் தீர்க்க வேண்டிய சிக்கல் எதுவும் இல்லையே! குளிக்க வர மறுப்பதும் வீட்டுப்பாடம் செய்யாமல் ஏமாற்றுவதும்தான் சிக்கல் என்கிற கதைகளை நம்பிக் கொடுக்கலாம். "உனக்காகவே வாங்கினேன்" என்று மருந்தைப் போல நீட்டாமல் மேசையில் வையுங்கள். எடுத்தால் எடுக்கட்டும்.

உங்கள் அக்காவுக்கு: ஏக்கம் புத்தகத்திலிருந்து வரவில்லை. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்தபோதே கேள்வி வந்துவிட்டது. கேட்கிற பிள்ளைக்குப் பதில் கிடைக்காவிட்டால்தான் தனக்குள் வைத்துப் புழுங்குவாள்.

கட்டத்தைப் பற்றி ஆசிரியையிடம் நேரில் பேசுங்கள், கோபமில்லாமல். அப்பா, அம்மா என்று அச்சடித்த தாளுக்குப் பதில் வெறும் தாளைக் கொடுத்து, 'உன் வீட்டில் இருப்பவர்களை வரை' என்று சொல்லலாமே என்று கேளுங்கள். தாத்தாவிடம் வளரும் பிள்ளையும், அப்பா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையும் அதே வகுப்பில் இருக்கக்கூடும். சட்டப்படி தத்தெடுத்த பிள்ளைக்கும் பெற்ற பிள்ளைக்கும் உரிமையில் வேற்றுமை கிடையாது என்பதையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவையுங்கள். பெரியம்மாவை எந்தக் கிளையில் வைப்பது என்பதை மகளே முடிவு செய்யட்டும்.