அம்மாவின் மேமோகிராம் ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 0’

அம்மாவின் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 0’ என்று வந்திருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பைராட்ஸ் என்பது அந்தப் படத்தின் முடிவுக்குப் போடும் வகை எண். பைராட்ஸ் 0 என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. முடிவு சொல்ல இந்தப் படம் போதவில்லை, இன்னும் படம் வேண்டும் என்பதுதான். ‘ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம்’ என்று குடியாத்தத்தில் யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பைராட்ஸ் 3க்கு, அதாவது அநேகமாகப் புற்றுநோய் இல்லை என்ற வகைக்குச் சொல்வது. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மார்புத் திசு அடர்த்தியாக இருந்தால் இப்படி வரும். ரிப்போர்ட்டில் அடர்த்தி ‘சி’ அல்லது ‘டி’ (அடர்த்தி அதிகம் என்று அர்த்தம்) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அநேகமாக அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வார்கள். பழைய மேமோகிராம் ஃபிலிம் பீரோவில் கிடந்தால், ஒப்பிட்டுப் பார்க்க அதையும் அடுத்த படத்துக்கு வேலூர் போகும்போது எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. அப்புறம், மேமோகிராம் எடுக்கும் அன்று அக்குளில் பவுடர் வேண்டாம். படத்தில் கால்சியப் புள்ளி மாதிரி தெரிந்து குழப்பும்.

கட்டி தட்டுப்பட்டாலோ காம்பில் ரத்தம் கசிந்தாலோ, அடுத்த படம் நார்மல் என்று வந்தாலும் சர்ஜனிடம் காட்டிவிடுங்கள்.