கைவசம் உள்ள இணையப் பெயரை அதே பெயர்க் கடைக்கு விற்கலாமா?

கேள்வி: 'முத்துச்சரம்' என்ற பெயரில் ஒரு டாட் காம், ஒரு டாட் இன் முகவரியைச் சென்ற ஆண்டு வாங்கினேன். அதே பெயரில் கோவையில் ஒரு நகைக்கடையும் திருச்சியில் ஒரு திருமண மண்டபமும் இருக்கின்றன. இருவருக்கும் எழுதி இரண்டு லட்சம் கேட்கலாம் என்கிறார் ஒரு தரகர். சட்டச் சிக்கல் வருமா?

பதில்: கடிதத்தை இன்னும் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள். பெயரை வாங்கி வைத்திருப்பது குற்றமில்லை. ஆனால் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி அந்தக் கடிதமாகத்தான் இருக்கும்.

டாட் காம் தகராறுகளுக்கான சர்வதேச விதி தெளிவானது. செலவழித்ததைவிடக் கூடுதல் விலைக்கு, வணிகக்குறி (டிரேட்மார்க்) உரிமையாளரிடமோ அவருடைய போட்டியாளரிடமோ விற்பதற்கென்றே பெயரைப் பதிந்திருந்தால், அது தீய நோக்கம். இந்த விதியின் கீழ் தீர்ப்பான முதல் வழக்கே இப்படிப்பட்டதுதான். அமெரிக்க மல்யுத்தக் கூட்டமைப்பு ஒன்றின் பெயரைப் பதிந்தவர், மூன்றாம் நாளே அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி ஆயிரம் டாலர் கேட்டார். 2000 ஜனவரியில் பெயர் கைவிட்டுப் போனது.

அந்தப் பெயரை எதற்காக வாங்கினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எதிர்த்தரப்பு முதலில் கேட்பது அதைத்தான்.

இனி தரகர். "கடைக்காரர் பெயரை வணிகக்குறியாகப் பதிவு செய்யவில்லை, பயப்படாதீர்கள்" என்பார். நம்பாதீர்கள். நீண்ட நாள் புழங்கிப் பெயரெடுத்த கடைக்குப் பதிவில்லாமலேயே நீதிமன்றம் பாதுகாப்புத் தரும். "புகார் செய்யவே 1,500 டாலர் கட்டணம், அதற்குக் கீழே கேட்டால் கொடுத்துவிடுவார்கள்" என்பது தரகர்களின் இன்னொரு கணக்கு. புகாரை விசாரிக்கும் நடுவருக்கு இந்தக் கணக்கு புரியாதா? "தராவிட்டால் உங்கள் போட்டியாளரிடம் விற்றுவிடுவேன்" என்ற வரியைச் சேர்க்கச் சொன்னால் அந்தத் தரகரிடமிருந்து விலகிவிடுங்கள். வாங்க ஆள் தயார், அதற்கு முன் பெயரின் மதிப்பைக் கணித்துச் சான்றிதழ் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவர்களும் உண்டு. சான்றிதழ் வந்ததும் 'வாங்குபவர்' காணாமல் போவார். இவர்களிடம் ஏமாந்தவர்களின் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஒரு விதிவிலக்கை மட்டும் பொறுமையாகச் சொல்கிறேன். அந்தக் கடை தொடங்கும் முன்பே நீங்கள் பெயரை வாங்கியிருந்தால், டாட் காமைப் பொறுத்தவரை பெரும்பாலும் தப்பிக்கலாம். இல்லாத கடையைக் குறிவைத்து எப்படி வாங்க முடியும்? டாட் காம் விதியில், பதிவு செய்ததும் பயன்படுத்தியதும் இரண்டுமே தீய நோக்கத்தில் நடந்திருக்க வேண்டும். டாட் இன் விதியிலோ 'அல்லது' என்று இருக்கிறது. பதியும்போது நல்ல எண்ணம் இருந்தாலும், பிறகு தவறாகப் பயன்படுத்தினால் போதும், பெயர் போய்விடும். ஒரே ஆள், ஒரே சொல், இரண்டு முகவரிக்கு இரண்டு நியாயம்! வாங்கிய ரசீதையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். ஆனால் அந்தக் கடை உங்களுக்கு முன்பே இருந்தது என்றால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள்.

2004இல் சத்யம் இன்ஃபோவே என்ற நிறுவனத்தின் வழக்கில், வணிகக்குறிக்கு உள்ள பாதுகாப்பு இணையப் பெயருக்கும் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை என்றும் அப்போதே சுட்டிக்காட்டியது. இருபது ஆண்டுகள் கடந்தும் நிலைமை மாறவில்லை. இன்றும் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தை நீட்டியும் மடக்கியும்தான் வழக்காடுகிறோம்.

'முத்துச்சரம்' அகராதிச் சொல் என்பது உங்களுக்குச் சற்றுச் சாதகம். 'விற்பனைக்கு' என்று பொதுவாக ஒரு பக்கம் போட்டுவிட்டு, வாங்குபவர் தானாக வரட்டும் என்று இருங்கள். அந்தப் பக்கத்தில் நகை விளம்பரமோ மண்டப விளம்பரமோ தானாக வந்து விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விளம்பர வருமானம் சில ரூபாய்தான், ஆனால் கடையின் பெயரை வைத்துப் பிழைக்கிறீர்கள் என்று காட்ட அது போதும். டாட் காம் குறித்துப் புகார் வந்தால் பதில் தர 20 நாள்தான் அவகாசம். தரகர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல் அன்றே ஒரு வக்கீலைப் பாருங்கள்.