மறைந்துபோன மெனுவை மீட்க

கேள்வி: விண்டோஸ் 10 ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கொப்பி, பேஸ்ட் பட்டன்களைக் காணவில்லை, இடப்பக்க ஃபோல்டர் வரிசையும் இல்லை. விண்டோஸைத் திரும்பப் போட வேண்டுமா?
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தேவையேயில்லை, காசை வீணாக்காதீர்கள். மூடும் பெருக்கல் குறியும் மறைந்திருந்தால் அது முழுத்திரை நிலை, எஃப்11 அழுத்துங்கள். ஹோம், ஷேர், வியூ என்ற பெயர்கள் மட்டும் தெரிந்தால் பட்டை சுருங்கியிருக்கிறது. அந்தப் பெயர்களில் தவறுதலாக இரட்டைக் கிளிக் விழுந்தாலே இப்படி ஆகும். கன்ட்ரோலுடன் எஃப்1 அழுத்த விரிந்துவிடும். சில லேப்டொப்களில் எஃப்என் விசையையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒலியோ வெளிச்சமோதான் மாறும்.

இடப்பக்க வரிசைக்கு: வியூ, நேவிகேஷன் பேன், அதிலுள்ள முதல் வரியில் சரி அடையாளம். அதன் பிறகும் வராவிட்டால் அதன் ஓரம் இடப்பக்கம் ஒடுங்கிக் கிடக்கும். மவுஸால் வலப்பக்கம் இழுங்கள்.