இணைப்பு இருந்தும் மறுபக்கக் கன்ட்ரோலர்கள் தென்படாதது ஏன்?

கேள்வி: அடுத்தடுத்த இரண்டு கட்டடங்களில் தனித்தனியாக நிறுவப்பட்ட பேக்நெட் (கட்டடங்களின் குளிரூட்டல், விளக்கு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்கான தொடர்பு நெறிமுறை) வலையமைப்புகளை, ஆர்.எஸ்-232 சீரியல் போர்ட் வழியே பாயிண்ட்-டு-பாயிண்ட் முறையில் இணைத்துள்ளோம். இணைப்பு ஏற்பட்டுவிட்டதாக இரு முனைகளும் காட்டுகின்றன. ஆனால் மறுபக்கத்துக் கன்ட்ரோலர்கள் தென்படவில்லை. கேபிளை மாற்ற வேண்டுமா?

பதில்: கேபிள் மீது சந்தேகம் வேண்டாம். இணைப்புக் கோரிக்கையும் அதற்கான பதிலும் பரிமாறப்பட்ட பிறகே இரு முனைகளும் இணைந்ததாகக் காட்டும் என்பதால், கம்பி இரு திசையிலும் வேலை செய்கிறது என்று கொள்ளலாம். பார்க்க வேண்டியது வலையமைப்பு எண்களை.

பேக்நெட்டில் இந்தச் சீரியல் கம்பி ஒரு தனி வலையமைப்பு அன்று. இரு முனைகளிலும் உள்ள கருவிகள் ஆளுக்கொரு அரை ரவுட்டர். இணைப்பு ஏற்பட்டதும் அவை சேர்ந்து ஒரே ரவுட்டராக இயங்குகின்றன. ஆகவே கம்பிக்கு வலையமைப்பு எண் தரக் கூடாது. அதன் இருபுறமும் உள்ள ஒவ்வொரு வலையமைப்புக்கும், அவற்றின் பின்னால் உள்ள எம்.எஸ்/டி.பி (கன்ட்ரோலர்களை முறுக்கிய இரட்டைக் கம்பியில் இணைக்கும் பேக்நெட் முறை) கிளைகள் உட்பட, 1 முதல் 65534 வரையிலான எண்களில் வெவ்வேறானவற்றைத் தர வேண்டும். தனித்தனியாக நிறுவப்பட்ட இடங்களில் இரண்டும் 1 என்றே விடப்பட்டிருப்பது மிக இயல்பு. அப்போது மறுபக்கத்துக்கான செய்தியைக் கருவிகள் தம் பக்கத்தது என்றே கொள்வதால் அது கம்பியைத் தாண்டுவதே இல்லை. கருவி எண்களும், 0 முதல் 4194302 வரை, இரு கட்டடங்களையும் சேர்த்துப் பார்க்கையில் ஒன்றுபோல் இருக்கலாகாது.

எண்கள் சரியாக இருந்தும் பயனில்லை எனில், உங்கள் கண்காணிப்புக் கணினி 'ஹூ-இஸ்' (யார் யார் இருக்கிறார்கள் என்று கருவிகளைக் கேட்கும் செய்தி) தேடலைத் தன் வலையமைப்புக்குள் மட்டும் அனுப்புகிறதா என்று பாருங்கள். அது எல்லா வலையமைப்புகளுக்குமான ஒலிபரப்பாகச் சென்றால்தான் மறுபக்கம் விடை தரும். இரு கட்டடங்களுக்கும் இடையே ஐ.பி. வழியாகவும் ஏற்கனவே ஓர் இணைப்பு இருக்குமானால், அதைத் துண்டித்துவிட்டே சோதியுங்கள். எந்த இரண்டு வலையமைப்புகளுக்கும் இடையே ஒரு பாதைதான் இருக்கலாம், இரண்டிருந்தால் செய்திகள் சுற்றிச் சுற்றி வரும்.

வேகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். 9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவு பிட்டுகளோடு 10 பிட் செலவாகும் என்பதால் விநாடிக்கு 960 பைட்தான் செல்லும். 501 பைட் கொண்ட முழுச் செய்திக்கு அரை விநாடிக்கு மேல் ஆகிறது. ட்ரெண்ட் பதிவுகளை (அளவீடுகளின் தொடர் பதிவுகளை) இதன் வழியே அடிக்கடி இழுக்காதீர்கள். பதிலுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கூட்டி வையுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆர்.எஸ்-232 கேபிளுக்குச் சுமார் 15 மீட்டரே வழக்கமான வரம்பு. அதன் தரைக் கம்பி இரு கட்டடங்களின் மின்தரைகளையும் நேரடியாகப் பிணைப்பதால், அவற்றின் மின்னழுத்தம் மாறுபட்டாலோ இடி விழுந்தாலோ போர்ட்டுகள் கருகக்கூடும். இடையில் ஃபைபர் மாற்றிகளைப் பொருத்துங்கள். இம்முறை மோடம் வழியே தேவைப்படும்போது மட்டும் தொடர்புகொள்ளவும் ஏற்றதாக வகுக்கப்பட்டது. நாள் முழுவதும் இணைப்பு வேண்டுமெனில் ஐ.பி. ரவுட்டருக்கு மாறிவிடுவதையே பரிந்துரைக்கிறேன்.