இங்கிலாந்தில் தனியார் பார்க்கிங் கட்டணத்துக்காக கவுண்டி கோர்ட்டிலிருந்து வழக்குப் படிவம் வந்திருக்கிறது. எதிர்த்து வாதாட முடியுமா, எப்படி?

முடியும். ஆனால் வாதத்தைப் பற்றி யோசிக்கும் முன் படிவத்தின் வலது மேல் மூலையில் இருக்கும் வெளியீட்டுத் தேதியைப் பாருங்கள். இந்த வழக்குகளில் தோற்பவர்களில் பலர் நீதிபதியின் முன்னால் போய்த் தோற்பதில்லை. பதிலே அனுப்பாமல் தோற்கிறார்கள்.

கடன் வசூல் நிறுவனங்கள் சிவப்பு எழுத்தில் அனுப்பும் மிரட்டல் கடிதங்களுக்கு எந்தச் சட்ட அதிகாரமும் கிடையாது. நார்தாம்ப்டனில் உள்ள சிவில் நேஷனல் பிசினஸ் சென்டரிலிருந்து (இத்தகைய பண வழக்குகளைப் பதிந்து அனுப்பும் கோர்ட் மையம்) வருவதோ உண்மையான கோர்ட் தபால். அதை அலட்சியப்படுத்தக் கூடாது. வெளியிட்ட நாளிலிருந்து ஐந்தாம் நாள் அது உங்களிடம் சேர்ந்ததாகக் கணக்கு. அதன்பின் 14 நாட்களுக்குள், படிவத்தில் தந்திருக்கும் கடவுச்சொல்லைக் கொண்டு 'மனி க்ளெய்ம் ஆன்லைன்' என்ற கோர்ட் இணையதளத்தில் நுழைந்து, வழக்கு வந்து சேர்ந்தது என்றும் முழுத் தொகையையும் எதிர்க்கிறேன் என்றும் பதியுங்கள். இதைச் செய்தால் எதிர்வாதம் கொடுக்க 28 நாட்கள் கிடைக்கும். அதாவது வெளியீட்டுத் தேதியிலிருந்து 33 நாட்கள். இந்தக் கட்டத்தில் எதிர்வாதப் பெட்டியில் ஒரு வரிகூட எழுதாதீர்கள். அவசரமாக எழுதிய இரண்டு வரியே உங்கள் எதிர்வாதமாகப் பதிவாகிவிடும். முழு எதிர்வாதத்தைத் தனியாக எழுதி, கையெழுத்திட்டு, பி.டி.எஃப். ஆகக் கோர்ட்டுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாம். கடைசி நாள் மாலை 4 மணிக்குப் பின் போனால் மறுநாள் கணக்கில் விழும்.

அன்றைக்கே பார்க்கிங் கம்பெனியின் தரவுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தகவலும் வேண்டும், கேமரா படங்கள், அனுப்பிய கடிதங்களின் நகல்கள், பணம் செலுத்தும் இயந்திரத்தின் பதிவு உட்பட. ஒரு மாதத்துக்குள் தந்தாக வேண்டும், கட்டணம் இல்லை.

இனி வாதம். முதலில் கேட்க வேண்டியது: வண்டி ஓட்டியது யார் என்று அவர்களுக்குத் தெரியுமா? வாகனப் பதிவுத் துறையான டி.வி.எல்.ஏ. அவர்களுக்குத் தருவது பதிவு உரிமையாளரின் (வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர், 'ரிஜிஸ்டர்டு கீப்பர்') பெயரைத்தான். ஓட்டுநர் யார் என்று தனியார் கம்பெனிக்குச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. அவர்கள் உரிமையாளரைப் பிடிக்க ஒரே வழி 2012-ஆம் ஆண்டின் ப்ரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ் சட்டத்தின் 4-ஆம் அட்டவணை. அதன் நிபந்தனைகள் கறாரானவை. கண்ணாடியில் சீட்டு ஒட்டாமல் கேமராவை மட்டும் நம்பியிருந்தால், வண்டி நின்ற நாளுக்கு மறுநாளிலிருந்து 14 நாட்களுக்குள் நோட்டீஸ் உரிமையாளர் கையில் சேர வேண்டும். 2025 மார்ச் 3, திங்களன்று வண்டி நின்றது என்று வைத்துக்கொள்வோம். கெடு மார்ச் 17. கடிதத்தில் மார்ச் 14, வெள்ளி என்று தேதி இருந்தால், அன்றே தபாலில் போட்டிருந்தாலும் இரண்டாவது வேலைநாளான 18-ஆம் தேதிதான் சேர்ந்ததாகச் சட்டம் கருதும். ஒரு நாள் தாமதம். உரிமையாளர் மீதான பொறுப்பு அங்கேயே போய்விட்டது. கண்ணாடியில் சீட்டு ஒட்டியிருந்தால் கணக்கு வேறு: சீட்டு ஒட்டியதிலிருந்து 28 நாளுக்குப் பின், 56 நாளுக்குள் நோட்டீஸ் வர வேண்டும். தங்களுக்கென்று தனிச் சட்டத் துணைவிதிகள் ('பைலாஸ்') உள்ள ரயில் நிலைய, விமான நிலைய நிலங்களுக்கு இந்த அட்டவணையே பொருந்தாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பார்க்கிங் கம்பெனிக்கு முன்பு அனுப்பிய மேல்முறையீட்டுக் கடிதத்தில் "நான் வண்டியை நிறுத்திவிட்டுக் கடைக்குள் போனேன்" என்று எழுதியிருந்தால் இந்த வாதம் முடிந்தது. ஓட்டியது நீங்களாக இருக்கும்போது "நான் ஓட்டவில்லை" என்றும் எழுதாதீர்கள். எதிர்வாதத்தின் அடியில் உண்மை உறுதிமொழி இருக்கிறது. தெரிந்தே பொய் சொன்னால் நீதிமன்ற அவமதிப்பு. "உரிமையாளர் நான், ஓட்டுநர் யார் என்று நிரூபிப்பது வாதியின் பொறுப்பு" என்பதோடு நிறுத்துங்கள்.

அடுத்தது பலகைகள். "அவர்களுக்கு ஒரு பென்னிகூட நஷ்டமில்லை, ஆகவே இது செல்லாத அபராதம்" என்ற வாதம் 2015-இல் உச்ச நீதிமன்றத்தின் 'பார்க்கிங்ஐ எதிர் பீவிஸ்' தீர்ப்போடு செத்துப்போனது. இன்றும் அதை முதல் பத்தியில் வைப்பவர்கள் நீதிபதியின் பொறுமையைத்தான் சோதிக்கிறார்கள். அந்தத் தீர்ப்பையே உங்கள் பக்கம் திருப்புவதுதான் புத்திசாலித்தனம். அந்த வழக்கில் வந்த செம்ஸ்ஃபோர்டு கடை வளாகத்தில் இரண்டு மணி நேரம் இலவசம். அதைத் தாண்டினால் 85 பவுண்டு என்று பெரிய எழுத்தில் பல இடங்களில் பலகைகள் இருந்தன. உங்கள் இடத்தில் பலகை விளக்கில்லாமல், மரக்கிளைக்குப் பின்னால், தொகை மட்டும் பொடி எழுத்தில் இருந்ததா? வண்டி நின்ற அதே வேளையில் போய், ஓட்டுநர் இருக்கையின் உயரத்திலிருந்து படம் எடுங்கள். பலகையை மாற்றுவதற்கு முன்பே போவது நல்லது.

கேமரா வழக்குகளில் இன்னொன்று: அது பதிவது வாசலில் நுழைந்த நேரமும் வெளியேறிய நேரமும், வண்டி நின்ற நேரமல்ல. பார்க்கிங் கம்பெனிகளின் சங்கங்கள் வகுத்த நடத்தை விதிகளே, பலகையைப் படித்து முடிவெடுக்கக் குறைந்தது 5 நிமிடமும், அனுமதித்த நேரம் முடிந்தபின் 10 நிமிடமும் தரச் சொல்கின்றன. சொந்தக் குடியிருப்பில் நிறுத்தியதற்கு வழக்கு என்றால் குத்தகைப் பத்திரத்தை எடுங்கள். அது தரும் உரிமையைப் பிறகு வந்து நட்ட பலகை பறிக்க முடியாது.

படிவத்தில் பொதுவாக 100 பவுண்டு கட்டணம், 70 பவுண்டு வசூல் செலவு, 8% வட்டி, கோர்ட் கட்டணம் 35, வழக்கறிஞர் செலவு 50 என்று இருக்கும். அந்த 70-ஐ எப்போதும் எதிர்க்க வேண்டும். உரிமையாளரிடமிருந்து நோட்டீஸில் சொன்ன தொகைக்கு மேல் வாங்க முடியாது என்று அதே அட்டவணையின் 4(5) பத்தி சொல்கிறது.

எதிர்வாதம் ஒன்றரைப் பக்கம் போதும். இணையத்திலிருந்து முப்பது பத்தி மாதிரியை அப்படியே ஒட்டினால் உங்கள் நல்ல வாதம் அதில் புதைந்துவிடும். வாதி எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார் என்பதே படிவத்தில் இல்லையென்றால் அதைத் தொடக்கத்திலேயே எழுதுங்கள். சில வழக்குகள் அதற்காகவே தள்ளுபடியாகியிருக்கின்றன.

பிறகு விசாரணை ஏற்பாடுகளைப் பற்றிய கேள்விப் படிவமான என்180 (N180) வரும். அதில் உங்கள் ஊர் கோர்ட்டைக் கேளுங்கள். அதையடுத்து தொலைபேசியில் இலவச சமரசப் பேச்சு. 2024 மே மாதத்திலிருந்து இது கட்டாயம். அழைப்பை எடுக்க வேண்டுமே தவிர ஒப்புக்கொள்ள வேண்டிய அவசியமில்லை. விசாரணைத் தேதி வந்தபின் சாட்சி வாக்குமூலத்தைப் படங்களோடு, உத்தரவில் சொன்ன நாளுக்குள் (வழக்கமாக 14 நாள் முன்) கோர்ட்டுக்கும் எதிர்த்தரப்புக்கும் அனுப்புங்கள். உறுதியான எதிர்வாதத்தைப் பார்த்ததும், விசாரணைக் கட்டணம் கட்டும் கட்டத்தில் வழக்கைத் திரும்பப் பெறும் கம்பெனிகள் நிறைய உண்டு. அதை நம்பி வாக்குமூலத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

தோற்றால்? சிறு வழக்கு என்பதால் அவர்களின் முழு வழக்கறிஞர் செலவும் உங்கள் தலையில் விழாது. பெரும்பாலும் படிவத்தில் உள்ள தொகையும் விசாரணைக் கட்டணமும்தான். ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் தீர்ப்புப் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கிவிடும். கட்டாவிட்டால் ஆறு ஆண்டு நிற்கும். வீட்டுக் கடன் கேட்கும்போதுதான் அதன் வலி தெரியும்.

வீடு மாறியவர்கள் பார்க்கிங் கம்பெனிக்குப் புதிய முகவரியை எழுதிவிடுங்கள். டி.வி.எல்.ஏ.யில் மாற்றினால் மட்டும் போதாது; அவர்கள் அங்கே விவரம் எடுத்தது முதல் கடிதத்துக்கு முன். பழைய முகவரிக்குப் போன வழக்கில் உங்களுக்குத் தெரியாமலே தீர்ப்பு வந்திருந்தால், தெரிந்தவுடன் என்244 (N244) என்ற விண்ணப்பப் படிவத்தில் அந்தத் தீர்ப்பை ரத்து செய்யக் கேட்கலாம். கட்டணம் 300 பவுண்டுக்கு மேல். குறைந்த வருமானம் உள்ளவர்கள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் அதையே காரணம் காட்டி மறுப்பார்கள்.